ஏ.சி. அரங்கில் காற்று பார்த்த கதை

விளையாட்டுச் செய்தி எழுதுகிறாயே, ஆடிய அனுபவம் உண்டா என்று சிலர் கேட்பார்கள். உண்டு. கல்லூரி அணிகளுக்கான தேசிய வாலிபால் போட்டியின் அரையிறுதியில் ஒரே ஒரு சர்வீஸ் போட இறக்கப்பட்டேன். அதையும் போடவில்லை.

திருச்சுழிப் பக்கம் வாலிபால் என்பது பொட்டலில் ஆடுவது. தடுக்க மரமில்லாததால் காற்று பந்தைப் பாதி வழியில் திருப்பிவிடும். ஆகவே சர்வீஸுக்கு முன் ஒரு சிட்டிகை புழுதியை மேலே தூவி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்போம். இந்தக் கலையில் நான் மேதை. (வேறு எதிலும் இல்லை. எனக்குக் குதிக்கவும் வராது, பாயவும் வராது.) காரியாபட்டி போட்டியில் மைக் பிடித்தவர் என்னை "காத்தைக் கட்டி மேய்க்கிற தம்பி" என்றார். நான் நம்பினேன். எங்கள் பி.டி. சாரும் நம்பியதுதான் வினை.

கேப்டன் முத்துப்பாண்டி என் தாய்மாமன் மகன். என் தங்கை செல்விக்கு அவனைப் பேசி வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு ஒரே நிபந்தனை: "மொதல்ல வேலைய வாங்கட்டும். பெறகு பத்திரிகை அடிப்போம்." தேசிய மெடல் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வழியுண்டு. அணி கோப்பைக்காக ஆடியது. அருப்புக்கோட்டையில் எங்கள் வீடு கல்யாணத்துக்காக செல்போனில் நேரலை பார்த்தது.

ஐந்தாவது செட். 14-13, நாங்கள் முன்னிலை. இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் இறுதிப் போட்டி, மெடல் உறுதி. சார் என் முதுகில் தட்டினார்.

"போடா, ஒன் காத்து சர்வீஸப் போட்டுட்டு வா."

அது வடநாட்டு நகரம் ஒன்றின் மூடிய அரங்கம். ஏ.சி. ஓடியது. ஒரு ஜன்னல்கூட இல்லை. இந்த விவரமெல்லாம் இன்று தெளிவாக எழுத வருகிறது. அன்று எதுவும் கண்ணில் படவில்லை. முழங்கால் பட்டைக்குள்ளிருந்து சின்னப் பொட்டலத்தை எடுத்தேன். (பாளையம்பட்டி மைதானத்துப் புழுதி. ராசிக்காகக் கொண்டு போனது.)

விசில் அடித்தது. தூவினேன். புழுதி எந்தப் பக்கமும் சாயாமல் நேராக இறங்கியது. இப்படியொரு காற்றை நான் பார்த்ததே இல்லை. மறுபடி தூவினேன். மறுபடி நேராக.

"ஏலே, என்னலே பண்ற? போடுலே!" வலைக்குப் பக்கத்திலிருந்து முத்துப்பாண்டி கத்தினான்.

"காத்து வரட்டும்லே!"

விசிலடித்த எட்டு விநாடிக்குள் பந்தை அடித்தாக வேண்டும். காற்றுக்கு அந்த விதி தெரியாது. நடுவர் பாயிண்டை எதிரணிக்குக் கொடுத்தார். இருவர் துடைப்பத்தோடு ஓடிவந்து தரையைத் துடைத்தார்கள். கோட்டு நடுவர் தன் வெள்ளைச் சட்டையைத் தட்டியபடி என்னைப் பார்த்தார். அடுத்த இரண்டு பாயிண்டும் அவர்களுக்கே. 16-14. தோற்றோம்.

அரை மணி நேரத்தில் அப்பா போன் செய்தார். அவருக்கு மானாவாரி விவசாயம்.

"ஏண்டா, ஏசி ஹாலுக்குள்ள போயி என்னத்தடா வெதச்ச?"

முழங்கால் பட்டையை உதறினேன். அப்பா விடவில்லை.

"மழைய நம்பி வெதச்சியா, இல்ல கெணத்து எறவையா?"

மறுநாள் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். சார் என்னைக் கேலரிக்கு அனுப்பி, எல்லார் பைகளையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டேன். நம்மவர்கள் நேர் செட்களில் ஜெயித்து வெண்கலம் வாங்கினார்கள். முத்துப்பாண்டிக்கு வேலையும் கிடைத்தது. இன்றுவரை அவன் நன்றியோடு சொல்வான்: "நீ வெளிய உக்காந்ததாலதாம்லே எனக்கு இந்த உத்தியோகம்."

கல்யாணத்தன்று கெட்டிமேளம் முழங்கியது. நானும் ஒரு கை அட்சதையை அள்ளி மேலே தூக்கினேன். முதல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளை சட்டென்று நிமிர்ந்தான்.

"மச்சான், அவசரப்படாத. காத்து வரட்டும்!"

மேளத்தையும் மீறி அது வீடியோவில் பதிவாகியிருக்கிறது. கல்யாணப் பெண் தலைகுனிந்து தோள் குலுங்குவதைப் பார்த்து, அழுகிறாள் என்று நினைக்கும் விருந்தாளிகளுக்காக அப்பா ஒவ்வொரு முறையும் வீடியோவை நிறுத்தி, அரையிறுதியிலிருந்து கதையைத் தொடங்குகிறார்.