கப்பல் கேப்டனுக்கு நான் ஜெயித்துக் கொடுத்த கோப்பை

வாழ்த்து மடலில் உண்மை எழுதக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம். ஓய்வு பெறும் குமாஸ்தாவைக்கூட ‘கருணைக் கடலே’ என்றுதான் கூப்பிடுவோம். அவரும் கூச்சப்படாமல் கேட்டுக்கொள்வார். இந்த வழக்கத்தைக் கனடாக்காரரிடம் காட்டப் போய்த்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

ஐம்பதுகளின் கடைசியில், மதராஸ் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் தற்காலிக குமாஸ்தாவாக இருந்தேன். கனடாவிலிருந்து கோதுமைக் கப்பல் ஒன்று வந்தது. அதன் கேப்டன், கடலுக்கு வருமுன் அங்கே ஒரு தொழில்முறைக் கால்பந்து அணியில் ஆடியவர். (பெயர்தான் கால்பந்து. முட்டை மாதிரி ஒரு பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்களாம்.)

“வழியனுப்பு விழா வைக்கிறோம். நல்லா ஒரு மடல் எழுது. அவர் மனசு குளிர்ந்தா உன் வேலை நிரந்தரம்” என்றார் மேனேஜர். அம்மா எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். ‘டெம்ப்ரவரி’ என்று கேட்டதுமே பெண் வீட்டார் காப்பியோடு அனுப்பிவிடுவார்கள்.

அணியின் சரித்திரத்தைக் கப்பல் எஞ்சினியரிடம் கேட்டேன். மனுஷன் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். யுத்தத்துக்கு முன்னால் ஒரே ஒரு முறை கோப்பை. யுத்தம் வந்ததும் ஆட்டக்காரர்கள் பட்டாளத்துக்குப் போக, அணியே கலைந்தது. மறுபடி கூடியபோது நம் கேப்டன் சேர்ந்தார். இறுதி ஆட்டம் வரை வந்து தோற்றார்கள். அடுத்த ஆட்டப் பருவம் கடைசி இடம். அதற்கடுத்ததும் அதே.

ராயபுரம் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் என் தோஸ்து ஆரோக்கியம், நான் எழுதியதைப் படித்து முகம் சுளித்தான்.

“இன்னா மாமு, தோத்தான் தோத்தான்னு எழுதிகினு கீறே? இத கண்ணாடி போட்டு எவன் வூட்ல மாட்டுவான்? ஜெயிச்சான்னு போடு. கனடாலேர்ந்து எவன் வந்து கேக்கப்போறான்?”

(கேட்கப்போகிறவர் கனடாவிலிருந்து ஏற்கனவே வந்துவிட்டார் என்பது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.)

உட்கார்ந்த இடத்திலேயே எல்லாப் பருவத்தையும் ஜெயித்தேன். போதாக்குறைக்கு ‘பிடித்த பந்தை விடாத பொற்கரமே!’ என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

விழாவில் மாலை போட்டு, முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் நானே வாசித்தேன். பொற்கரம் வந்த இடத்தில் மாலுமிகள் அத்தனை பேரும் குனிந்து தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். மரியாதை போலிருக்கிறது என்று நினைத்து, அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தேன்.

கேப்டன் எழுந்தார்.

“இறுதி ஆட்டத்தில் பந்து என் கையில்தான் இருந்தது. எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் நழுவ விட்டேன். அதனால்தான் தோற்றோம். அந்த ஊரில் தலைகாட்ட முடியாமல்தான் கப்பலுக்கு வந்தேன்.”

வேலை போயிற்று, கல்யாணமும் போயிற்று என்று முடிவு கட்டிவிட்டேன். மேனேஜர் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. கேப்டன் கை நீட்டி, கண்ணாடி போட்ட மடலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

“இருந்தாலும் இது எனக்கு வேண்டும். மதராஸிலாவது ஜெயித்திருக்கிறோமே.”

கப்பல் போன மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். “அவரே சிபாரிசு பண்ணிட்டுப் போயிருக்கார். வேலை நிரந்தரம். ஆனா இனிமே கிடங்குல, மூட்டைக்கு ஒரு கோடு போடுற வேலை. கோடு மட்டும் போடு. எழுத்து வேணாம்.”

அந்த நிரந்தரத்தை நம்பித்தான் என் மனைவி கழுத்தை நீட்டினாள். முழுக் கதையும் அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் மீன் குழம்பு பிரமாதம் என்று நான் சொன்னால், கரண்டியும் கையுமாக நின்று கேட்பாள்:

“நெசமாத்தானா? இல்ல, கனடாவா?”

குழம்பு நிஜமாகவே பிரமாதம். இந்த வீட்டில் யார் நம்புகிறார்கள்?