பிலோமினா முன்கூட்டியே சொல்லும் நன்றி

தோணிரேவு,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பும் மரியாதையும் கலந்த மைத்துனர் பிரதாப் அவர்களுக்கு,

அந்தோணிசாமி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான், உங்கள் தங்கை பிலோமினா, மகள் பெனிட்டா மூவரும் சுகம். ஓசூர்க் குளிரில் உங்கள் வீட்டில் யாருக்கும் சளி பிடிக்காமல் மாதா காக்கட்டும். சுகம் என்று எழுதியது மரியாதைக்கு. உண்மையில் உங்கள் தங்கையைப் பற்றிப் புகார் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பக்கத்தில் நின்று கேட்டுவிடுவாள்.

மீஞ்சூர் கம்பெனியில் கான்ட்ராக்ட் வெல்டர்கள் அத்தனை பேரையும் நிறுத்தியது உங்களுக்குத் தெரியும். ஏரியிலும் இந்த வருஷம் இறால் இல்லை, ஊரில் யார் கையிலும் காசு இல்லை. நான் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்க, இவள் கஞ்சியில் இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றி, பக்கத்து வீட்டு ஜெயம்மாவையும் அவள் புருஷன் துளசிங்கத்தையும் சாப்பிடக் கூப்பிட்டாள். அவர்கள் படகின் இன்ஜின் பழுதாகி அந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

"நமக்கே இல்ல, ஊரை இன்னாத்துக்கு கூப்புட்ற?" என்றேன்.

"இல்லாத வூட்லதான் ஆண்டவர் உக்கார எடம் கீது. ரொம்பிக் கிடக்கிற வூட்ல அவரு எங்க உக்காருவாரு?" என்றாள்.

அதோடு விட்டாளா? சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும், அவர்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சத்தமாக, "ஆண்டவரே, என் வூட்டுக்காரரு நாளைக்கு துளசிங்கம் அண்ணன் இன்ஜினை ஓட வெக்கப் போறாரு, உமக்கு நன்றி" என்றாள். மச்சான், நான் இரும்பு கேட்டுக்குக் கம்பி ஒட்டுகிறவன். படகு இன்ஜினின் மூடியைக்கூடத் திறந்ததில்லை. தனியாக இழுத்துப்போய், "என்னைக் கேட்டியா?" என்றேன். "உங்கள எதுக்கு கேக்கணும்? அவரைத்தான கேட்டேன்" என்றாள்.

மறுநாள் பிரித்தேன். திரும்பப் பூட்டியபோது இரண்டு போல்ட் மிச்சம். "கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ராவா குடுத்திருப்பான், வுடு" என்று துளசிங்கம் என்னைத் தேற்றினார். ஏரியில் இறங்கினோம். கரை கண்ணுக்குச் சிறுத்துப்போகிற தூரம் வரை ஓடிய இன்ஜின், ஒரு தும்மல் தும்மி நின்றது. முழங்கால் வரை சேற்றில் புதைந்தபடி படகைத் தள்ளிக்கொண்டு வந்தோம். என் செருப்பு ஏரியோடு போனது. கட்டைவிரலை ஒரு நண்டு கவ்விக்கொண்டது. அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். கரையில் ஜெயம்மா அழுதாள். இன்ஜின் போனால் படகை விற்க வேண்டியதுதான் அவர்களுக்கு. பிலோமினா மட்டும் நண்டை என் விரலிலிருந்து பிடுங்கி, "கொழம்பு ஆச்சு, ஆண்டவருக்குத் தோத்திரம். நாளைக்குத் திரும்பப் பிரிங்க" என்றாள்.

கோபத்தோடு பிரித்தேன். எண்ணெய்க் குழாயில் விரிசல் இருந்தது தெரிந்தது. மாற்றினேன். அந்த இரண்டு போல்ட்டுக்கும் இடம் கிடைத்தது. துளசிங்கத்தின் படகு, ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் வரை போய்த் திரும்பியது. கரையில் குதித்து என்னைக் கட்டிக்கொண்டு, "அந்தோணி, உங்க சாமி பேஜார் பண்ணாலும் கைவிடல நைனா!" என்றார். "பேஜார் பண்ணது சாமி இல்ல, என் சம்சாரம்" என்றேன்.

அதிலிருந்து தினமும் யாருக்காகவாவது ஆண்டவருக்கு முன்கூட்டியே நன்றி சொல்லிவிடுகிறாள். வரதன் வீட்டு கிரைண்டர் ஓடியது. செசிலியாவின் தையல் மெஷினில் புகை வந்தது. கூலி மீனாகவும் ரேஷன் அரிசியாகவும் வருகிறது. அடுப்பு ஒரு நாளும் அணையவில்லை. நாங்கள் மூன்று பேர் மட்டும் தனியாகச் சாப்பிட்ட நாளும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு மத்தியானம் கோயிலில் யாரும் இல்லாத நேரம், அவள் மாதா முன்னால் உட்கார்ந்து அழுவதைப் பார்த்தேன். "பயமா கீது தாயே" என்றாள். நான் நின்றது அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் முகத்தைக் கழுவிக்கொண்டு, வெளியே விளையாடிக்கொண்டிருந்த பெனிட்டாவோடு சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். பயமே அறியாதவள் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன், மச்சான். அவ்வளவு பயத்தையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் அடுத்தவருக்கும் தட்டு வைக்கிறாள்.

ஆனாலும் என்னால் முடியவில்லை. உங்கள் கம்பெனியில் ஆள் எடுப்பதாகச் சொன்னீர்களே, அந்த இடத்தை எனக்குப் பிடித்து வையுங்கள். மாதச் சம்பளம் வந்தால் அவள் ஒளிந்து அழ வேண்டாம். இனி மனசுக்குள்ளேயே ஜெபிக்கும்படியும் அவளுக்கு அண்ணன் என்ற முறையில் புத்தி சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளை ஆண்டவர் படிப்பிலும் பலத்திலும் வளர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
அந்தோணிசாமி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் கடலோரக் குப்பத்து இளவழகன், நின்றுபோன இன்ஜினைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றார். பிலோமினா கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். "இது ஓடுமாண்ணே?" என்றார். மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல், "ஓடும்பா, வெச்சிட்டுப் போ" என்றது நான்தான். புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஓசூர் வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.