மச்சானின் பிரஸ்ஸை லாரியில் ஏற்றுவது குறித்து

வில்லோ பிளாட், மான்டானா
அக்டோபர், முதல் பனி விழுந்த மறுநாள்

மதிப்பிற்குரிய மச்சான் டெல்மர் அவர்களுக்கு,

வெண்டல் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை ஆர்டிஸும் வீட்டு ஹீட்டரும் இப்போதைக்கு ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே அரிசோனாவில் நீங்களும் மகள் வீட்டாரும் அந்த வெயிலும் அவ்வண்ணமே இருப்பீர்களாக.

உங்கள் கடிதம் கிடைத்தது. இனி மகளோடேயே தங்கிவிடுவதாகவும், பக்கத்து வீட்டுப் பல் டாக்டரோடு சேர்ந்து தோட்டா நிரப்பப் போவதாகவும், ஆகவே என் வீட்டு நிலவறையில் இருக்கும், காலித் தோட்டாவில் மருந்தும் குண்டும் வைத்து அழுத்தும் உங்கள் பிரஸ்ஸை லாரியில் அனுப்பும்படியும் எழுதியிருந்தீர்கள். தாராளமாக. உங்கள் பொருள். அதைக் கழற்றத்தான் கீழே இறங்கினேன். கழற்றுவதற்கு முன்னால் மான் வேட்டைக்குக் கடைசியாக ஒரு பெட்டி நிரப்பிக்கொள்வோமே என்று தோன்றியது. அங்கே பிடித்தது சனி.

கடையில் சாதாரண பிரைமர் இல்லை. மேக்னம்தான் இருக்கிறது, வேண்டுமா வேண்டாமா என்று கேட்டான் கடைக்காரன். தோட்டாவின் அடியில் பொட்டு வெடி மாதிரி உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன மூடியை வைத்து நாம் இத்தனை குளிர்காலமாகப் போட்ட சண்டை அவனுக்கும் தெரியும். மேக்னத்துக்குச் சூடு அதிகம், எந்தக் குளிரிலும் கைவிடாது என்பீர்கள். மான் சுட எதற்கு இடி மின்னல், சாதாரணமே போதும் என்பேன். வேறு வழியில்லாமல் மேக்னத்தை வாங்கி, நாய் பிஸ்கட் மூட்டைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு வந்தேன். பிரைமர் மாறினால் வெடிமருந்தைக் குறைத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமே, அதற்காகத் தராசில் குனிந்தேனா, மூக்குக்கண்ணாடி நழுவிச்சு, அதைப் பிடிக்கப் போய் முழங்கை பிரைமர் தட்டிலே பட்டு, அத்தனையும் கம்பளத்துல கொட்டிப்போச்சு. தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினேன். ஒன்று தப்பிவிட்டது போலிருக்கிறது. மறுநாள் பாதிரியார் மேலே காப்பிக் கோப்பையும் கையுமாக ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த நேரம் பார்த்து நான் கீழே தூசி உறிஞ்சும் மெஷினை ஓட்ட, அது படார் என்றது. பாதிரியார் கோப்பையோடு மேஜைக்கு அடியில் போய், அங்கிருந்தே ஜெபத்தைத் தொடர்ந்தார். குரலில் நடுக்கமே இல்லை என்பது ஆர்டிஸின் சாட்சியம். அவள் மட்டும் படியருகே வந்து, "வெடிச்சது மெஷினா, உங்க மூளையா? பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

அப்படியே கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டேன். மூக்கு மயிர் உறைந்த அந்த நவம்பர் நினைவுக்கு வந்தது. கிளைக் கொம்போடு கிழட்டு மான் எதிரே நிற்க, என் துப்பாக்கி டிக் என்றது. அவ்வளவுதான். மான் திரும்பி என்னைப் பார்த்தது. "உன் பிரைமருக்குக் குளிருதாம்டா, ஒரு ஸ்வெட்டர் போட்டுவிடு" என்றீர்கள். உங்கள் துப்பாக்கியில் மேக்னம் தயாராக இருந்தது. சுட்டிருக்கலாம். சிரிப்பு தாளாமல் பனியில் உட்கார்ந்துவிட்டீர்கள். மான் நடந்தே போனது, ஓடக்கூட இல்லை. அன்று ராத்திரி ஆர்டிஸ் பீன்ஸ்தான் போட்டாள். அதைத் தின்றுகொண்டே பிரைமர் சண்டையைத் தொடர்ந்தோம்.

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். "இங்கே வெயிலுக்குச் சாதாரண பிரைமரே போதும்போல, நீ சொன்னதுதான் சரி" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன்! தபால் பெட்டி பக்கத்திலேயே நின்று திரும்பத் திரும்பப் படித்தேன். சந்தோஷம் வரவில்லை. நீங்களே ஒத்துக்கொண்டால் நான் இனி யாரோடு சண்டை போடுவது? பாதிரியாரோடா?

போகட்டும். பிரஸ்ஸைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டு, பழைய கம்பளியில் சுற்றி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை லாரி வரும். பல் டாக்டருக்கு என் வணக்கம். மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. கர்த்தர் உங்கள் முழங்கால்களைக் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கை புருஷன்
வெண்டல்

பி.கு.: லாரிக்காரன் வந்தான். டெல்மர்னு இங்க யாரும் இல்ல, பிரஸ்ஸுன்னு எதுவும் இல்லன்னு சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிட்டேன். அதை மறுபடி பலகையிலே முடுக்கியாச்சு. வேணும்னா நீயே வந்து கழட்டிக்கோ. கீழ் அறைக் கட்டிலுக்கு ஆர்டிஸ் விரிப்பு மாத்திட்டா. நீ ஒத்துக்கிட்டது செல்லாது மச்சான், வெயில்ல இருக்கிறவன் பேச்சை யார் கேப்பா? அந்த மேக்னத்தை நேத்து சுட்டுப் பாத்தேன். குண்டு எங்கே விழுந்துச்சுன்னு நேர்ல வந்தாத்தான் சொல்லுவேன்.