முழுக்கைச் சட்டை போட்ட நாய்

"கதவைத் திறங்க! உள்ள யாரோ குடியிருக்காங்கன்னு புகார் வந்திருக்கு!"

வளாக அதிகாரியின் குரல். தற்காலிக விரிவுரையாளர் படுக்கையிலிருந்து துள்ளி எழுந்தார். வாடகை வீட்டைக் காலி செய்த நாளிலிருந்து விலங்கியல் துறையின் இந்தச் சாமான் அறைதான் அவருக்கு வீடு, வாசல் எல்லாம். மாட்டிக்கொண்டால் படுக்க இடமும் போகும், பார்க்கிற வேலையும் போகும்.

படுக்கையைச் சுருட்ட நேரமில்லை. ஜன்னலுக்கு வெளியே வளாகத்துத் தெருநாய் ஒன்று சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது. துறை அறைகளில் மனிதர்கள் தங்கக் கூடாது என்பது பல்கலைக்கழக விதி. விலங்கியல் துறை விலங்கு வளர்க்கலாம் என்பதும் விதிதான். விரிவுரையாளர் பிஸ்கட்டைக் காட்டி நாயை ஜன்னல் வழியே உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார்.

"குடியிருக்கிறது இவன்தான் சார். ஆராய்ச்சிக்கு வச்சிருக்கோம்."

அதிகாரி படுக்கையைப் பார்த்தார். "தலகாணி எதுக்கு?"

"இவனுக்குக் கழுத்து வலி சார்."

தலையணையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்த நாய், பயந்துபோய் மேஜைக்கு அடியில் பதுங்கியது.

"பல் தேய்க்கிற பிரஷ்?"

"ஈறு கொஞ்சம் வீக்."

"கொடியில முழுக்கைச் சட்டை காயுதே?"

"குளிர் தாங்க மாட்டான் சார்."

"ரெண்டு சட்டை இருக்கு."

"முன்னங்காலுக்கு ஒண்ணு, பின்னங்காலுக்கு ஒண்ணு."

சொன்ன பிறகுதான் அவருக்கே வெட்கமாக இருந்தது. அதற்குள் அதிகாரியின் கை ஷேவிங் செட்டை எடுத்துவிட்டது. அவர் குனிந்து, மேஜைக்கு அடியில் இருந்த புசுபுசு முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இன்னிக்கு ஷேவ் பண்ணலையா?"

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. லீவு சார்."

இத்தோடு கதை முடிந்தது என்று விரிவுரையாளர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரியோ குரலைத் தாழ்த்தினார்.

"வெந்நீருக்கு என்ன பண்றான்?"

"இதே கீழ்த்தளத்துல, பக்கத்து லேப்ல ஹீட்டர் இருக்கு சார். அவனே... போட்டுக்குவான்."

"கீழயா? அடடா, தெரியாமப் போச்சே!" அதிகாரி ஷேவிங் செட்டை எடுத்த இடத்திலேயே பத்திரமாக வைத்தார். "நல்ல ஒழுக்கமான நாய். இருந்துட்டுப் போகட்டும். ஜன்னல்ல ஒரு திரை மட்டும் போட்டுக்கச் சொல்லுங்க. வெளியிலேர்ந்து தெரியுது."

அவர் படியேறிப் போனதும் விரிவுரையாளர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நடைபாதையைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏம்மா, நான் சொன்ன அத்தனையும் எப்படிம்மா நம்பினாரு?"

"நம்பாம என்ன செய்வாரு சார்? மேல்மாடி ரூம்ல பூனை வளர்க்கிறதா அவரும்தான் எங்கிட்ட சொல்லி வச்சிருக்காரு. அந்தப் பூனை தினமும் காலையில டை கட்டிக்கிட்டு, வளாக அதிகாரி நாற்காலியிலதான் போய் உட்காருது!"