பட்டுச் சேலை உடுத்து வந்த யானை

கர்ப்பிணிப் பெண்ணின் வாய்க்குள் என்ன போகிறது என்று ஊரே விசாரிக்கும். கீரை சாப்பிட்டனியோ, பால் குடிச்சனியோ, அன்னாசியைத் தொட்டனியோ என்று ஒழுங்கையால் போகிறவர்கள்கூடக் கேட்பார்கள். அவளுடைய தலைக்குள் என்ன ஓடுகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. என்னிடம் யாராவது நேரத்தோடு கேட்டிருந்தால், ஒரு மத்தியான வேளையில் ஊர் அறுவடையையே நான் நிறுத்தியிருக்க மாட்டேன்.

மகள் வயிற்றில் இருந்தபோது எனக்கு மசக்கைச் சத்தி நின்ற கையோடு கனவு தொடங்கியது. ஒருநாள் நான் பெற்ற பிள்ளை பிறந்தவுடனேயே எழும்பி நின்று, சைக்கிள் பூட்டின் திறப்பு எங்கே என்று கேட்டது. இன்னொரு நாள் பிள்ளையைக் கிணற்றடியில் வைத்துவிட்டு மறந்துபோனேன். பதறிப்போய்த் தேடினால் அது குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது. பயந்து விழித்தாலும், அடுத்தது என்ன வரப்போகிறது என்று அறிய எனக்கு ஒரே ஆவல். (படம் பார்க்கப் போக வழியில்லாத ஊரில் இதுவும் ஒரு பொழுதுபோக்குத்தானே.) கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

"நித்திரை முறிஞ்சு முறிஞ்சு வந்தால் கனவு எல்லாம் ஞாபகத்தில நிக்கும் பிள்ளை. எல்லாருக்கும் வாறதுதான், பயப்பிடாதேங்கோ" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெங்காயமோ?" என்றும் கேட்டார்.

எங்கள் வீடு புளியங்குளத்தில் இருந்து உள்ளே போகிற ஒரு குடியேற்றத்தில், காட்டோரமாக இருக்கிற கடைசி வீடு. நெல் விளைந்தால் யானை முதலில் எங்கள் வேலிக்குத்தான் வரும். அதனால் ஊர் வாட்ஸ்அப் குழுவில் எனக்கு ஒரு பதவி தந்திருந்தார்கள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வயலுக்குப் போக முடியாத நான், வீட்டில் இருந்து காட்டுக்கரையைப் பார்த்து, யானையைக் கண்டால் குரல் செய்தி போடவேண்டும். அந்தப் பதவியில் எனக்கு இருந்த பெருமை ஒரு மந்திரிக்குக்கூட இருந்திருக்காது.

அன்று பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவின் வயல் வெட்டு. ஆண் துணை இல்லாமல் தனியாக நின்று விதைத்தவர் அவர். வெட்டு மெசின் வவுனியாப் பக்கத்தில் இருந்து வந்திருந்தது. பொழுதுபடும்வரைதான் எங்கள் ஊருக்கு. அடுத்த நாள் வேறு ஊர். வானமோ கறுத்துக்கொண்டு நின்றது. அன்றைக்கு வெட்டாவிட்டால் அவருடைய நெல் மழையில் படுத்துவிடும். என் கணவரும் மாமியும் உதவிக்கு அங்கே போய்விட்டார்கள். நான் சோறும் மரவள்ளிக் கறியும் ஒரு வெட்டு வெட்டிவிட்டு, காவலுக்கென்று விறாந்தைக் கதிரையில் சாய்ந்தேன்.

யானை வந்தது. காட்டால் வரவில்லை, படலையைத் திறந்துகொண்டு மரியாதையாக வந்தது. மாமியின் மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலையைக் கொய்யகம் பிசகாமல் உடுத்திருந்தது. நேரே குசினிக்குள் போய்க் கதிரையில் அமர்ந்து, "தேத்தண்ணிக்குச் சீனி போடாதை பிள்ளை, எனக்குச் சலரோகம்" என்றது. கதிரை நெரிந்த சத்தத்தில்தான் எனக்கு என் பதவி ஞாபகம் வந்தது. கண்ணை முழுதாகத் திறக்காமலே போனைத் தடவி எடுத்துப் பேசினேன். பேசியது இன்றைக்கும் இருக்கிறது.

"ஐயோ ஆனை. எங்கட வீட்டுக்குள்ள ஆனை. குசினிக்குள்ள இருக்குது. மாமியின்ர பட்டுச்சீலையை உடுத்திருக்குது. கெதியா வாங்கோ, சீனி இல்லாமத் தேத்தண்ணி கேக்குது."

பதறி நிற்கிறவர்கள் குரல் செய்தியைக் கடைசிவரை கேட்பதில்லை. வீட்டுக்குள் ஆனை என்றதுமே ஊர் ஓடத் தொடங்கிவிட்டது. எங்கள் முற்றத்தில், யானையை விரட்டப் போடுகிற யானைவெடி வெடித்தபோதுதான் நான் ஒழுங்காக விழித்தேன். என் கணவர் மண்வெட்டியோடு குசினிக்குள் பாய்ந்தார். அங்கே ஒரு பூனைகூட இல்லை.

"எங்கை?" என்றார்.

"என்ன எங்கை?" என்றேன்.

எல்லோருக்கும் பின்னால் மூச்சு வாங்க வந்த மாமிதான், வரும் வழியில் அந்தச் செய்தியை முழுதாகக் கேட்டவர். அவர் யானையைத் தேடவில்லை.

"எந்தச் சீலை? மயில்கழுத்தோ?"

"ஓம் மாமி."

அதற்குப் பிறகுதான் மற்றவர்களும் போனைக் காதில் வைத்து மிச்சத்தைக் கேட்டார்கள். கிணற்றுக்குள் குதிக்கலாம் என்றால் வயிறு இடம் தராது. சிலர் சிரிக்கத் தொடங்கிய நேரம் செல்வி அக்கா ஓடி வந்தார். வெடிச்சத்தம் கேட்ட மெசின்காரப் பெடியன் மெசினை ரோட்டில் ஏற்றிவிட்டானாம். யானை நிற்கிற ஊரில் வெட்டமாட்டானாம். யானை இல்லை என்று எத்தனை பேர் சொல்லியும் நம்புகிறான் இல்லையாம். சொல்லும்போதே அவருடைய கண் கலங்கிவிட்டது. சிரிப்பு அடங்கியது. எனக்கு அழுகை வந்தது.

என் கணவர் என்னை மோட்டார் சைக்கிளில் மெதுவாக ஏற்றிப் போனார். மெசின் ரோட்டில் இரைந்துகொண்டு நின்றது. பெடியன் இறங்கவில்லை. மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை என்று பேச்சிலேயே தெரிந்தது.

"எனக்கு யானைன்னா ரொம்ப பயம் அக்கா. வேலை முடியணும்னா எல்லாரும் யானை இல்லைன்னுதான் சொல்லுவாங்க."

வேறு வழியில்லை. என் குரலை நானே அவனுக்குப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை கேட்டான். திரும்பவும் ஒருமுறை கேட்டான். சிரிக்கவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

"அப்ப இதெல்லாம் கனவாக்கா? மாசமா இருக்கவங்களுக்கு இப்படி வருமா?"

"ஓம் தம்பி, எல்லாருக்கும் வருமாம். மிட்வைஃப் மிஸ் சொன்னவா."

"என் சம்சாரமும் மாசமாத்தான் இருக்கா. நெல்லு மூட்டையைப் பெத்துட்டேன், அது நனைஞ்சு கெடக்குன்னு எந்திரிச்சு உக்காந்து அழுவுறா. ஏதோ கெட்ட சகுனம்னு நெனச்சு நான் யார்கிட்டயும் சொல்லல."

அவனுடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. வெங்காயம் உரித்த என் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். "வெங்காயமா?" என்று கேட்டவன், அப்போதுதான் சிரித்தான். எங்களுக்குப் பின்னால் நடந்து வந்து சேர்ந்த செல்வி அக்காவும் விடவில்லை.

"நான் மூத்தவனைச் சுமக்கேக்க மீன் பெத்தனான். வலையோட. அவன் நல்லாத்தான் இருக்கிறான்." வானத்தை ஒருமுறை பார்த்தார். "தம்பி, கனவில நனைஞ்ச மூட்டைக்கு ஒண்டும் ஆகாது. என்ர மூட்டைதான் நனையப்போகுது."

அவன் ஓடிப்போய் மெசினில் ஏறினான். கடைசி மூட்டையின் மேல் படங்கை விரித்து மூடும்போது மழை விழுந்தது. போகும்போது, அந்தக் குரல் செய்தியைத் தன் மனைவிக்கு அனுப்பச் சொன்னான். அவள் மனம் ஆறட்டும் என்று அனுப்பினேன். (அது வன்னியில் உள்ள மெசின்காரர் எல்லோருக்கும் போய்ச் சேரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?)

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். எங்கள் குழுவில் உண்மையான யானைக்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது. போன அறுவடையில் ஒன்று வேலியை முறித்தபோது நானும் அப்படித்தான் பேசினேன்: "சீலை உடுக்காத ஆனை, எங்கட வேலியடியில." குழுவுக்குப் புதிதாக வந்த கிராம சேவகர், அது என்ன இன யானை என்று எழுதிக் கேட்டார். மாமி உடனே குரல் செய்தி போட்டார்.

"அது எங்கட குடும்ப விசயம் தம்பி. நீங்கள் வெடியோட ஓடி வாங்கோ."