தண்ணீரும் கரண்டும் வாடகையில் அடக்கம்

படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கேட்காமலேயே எதற்கும் உத்தரவாதம் கொடுத்துவிடுவோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான் என்பதால், எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

மலையாளத்துச் சிற்றூரான விதுராவில் வங்கி வேலை கிடைத்ததும் சரசம்மா சேச்சியின் வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்தேன். தண்ணீர், கரண்ட் எல்லாம் வாடகையிலேயே அடக்கம். அதனாலேயே சேச்சி கறாராகச் சொல்லியிருந்தார்: நான் மட்டும்தான், கூட யாரும் தங்கக் கூடாது.

எனக்கோ அம்மாவை மலை மேலிருக்கும் தேயிலை எஸ்டேட்டிலிருந்து கீழே கூட்டிவந்துவிட வேண்டும். கொழுந்து பறித்தே என்னைப் படிக்க வைத்தவளுக்கு முழங்கால் போய்விட்டது. வேலையை விட்டால், எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீட்டையும் விட வேண்டும். ஆகவே சேச்சியை விடாமல் நச்சரித்தேன்.

"அம்மா தண்ணியே செலவாக்க மாட்டா சேச்சி. லைட்டுகூடப் போட மாட்டா. ஆள் இருக்கறதே தெரியாது." (கேட்பவர்கள் அம்மாவை ஒரு புகைப்படம் என்று நினைத்திருப்பார்கள்.)

"ஞாயிறாழ்ச்ச வரட்டே. ஞான் கண்டிட்டு பறயாம்," என்றார் சேச்சி. பார்த்துவிட்டுத்தான் சொல்வாராம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெருக்கிய படியையே திரும்பப் பெருக்கினேன். பஸ் ஸ்டாப்புக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். ஒருவழியாக பஸ் வந்தது. முதலில் ஒரு மூட்டை இறங்கியது. பிறகு இன்னொரு மூட்டை. பிறகு அம்மா. அவளுக்குப் பின்னால், இன்னொரு மூட்டையோடு, வழித்துணைக்கு வந்த அத்தை.

"என்னம்மா இது?"

"கம்பிளி, பிள்ள. அங்க மூடுபனில எங்க காயுது? நீதான இங்க தண்ணி சும்மான்னு சொன்ன?"

"அதுக்காக லயம் முழுக்க உள்ளதையா கொண்டு வருவீங்க?"

"முழுக்க எங்க? எதுத்த வரிசைக்காரி தர மாட்டேன்னுட்டா," என்றாள் அத்தை, பெரிய குறையோடு.

இன்றைக்கு மட்டும் துவைக்காதீர்கள் என்று கெஞ்சிவிட்டு மீன் வாங்கப் போனேன். கடையில் கால் நிற்கவில்லை. வெட்டிக்கொண்டிருந்தவரிடமிருந்து பாதி மீனை வெட்டாமலேயே பிடுங்கிக்கொண்டு திரும்பினேன்.

வீட்டைக் காணோம். மாடியிலிருந்து தொங்கிய கம்பளிகள் முகப்பை மொத்தமாக மூடிச் சொட்டிக்கொண்டிருந்தன. உள்ளே குடம், வாளி, குக்கர், என் டிபன் பாக்ஸ் என எல்லாவற்றிலும் தண்ணீர். தோசைக்கல் மட்டும்தான் தப்பியிருந்தது. லயத்தில் காலையில் கொஞ்ச நேரம்தான் பைப்பில் தண்ணீர் வரும். சத்தம் கேட்டதும் கையில் கிடைத்ததையெல்லாம் நிறைத்துவிட வேண்டும். எத்தனை மலை இறங்கினாலும் அந்தப் பழக்கம் கூடவே இறங்கும்.

"பைப்பு நின்னுபோச்சு பிள்ள. நல்லவேள, நாங்க முந்திக்கிட்டோம்," என்றாள் அம்மா வெற்றியோடு.

கீழேயிருந்து ஒரு அலறல். "மோளே! வெள்ளமில்ல! கண்ணு எரியுன்னு!"

தண்ணீர் நின்றுபோய், சேச்சி தலை நிறைய சோப்போடு குளியலறையில் நின்றிருந்தார். மாடிக்கும் கீழுக்கும் பொதுவான தொட்டியை நிரப்ப, ஓடிப்போய் மோட்டார் சுவிட்சைத் தட்டினேன். கரண்ட் இல்லை. வாடகையில் அடக்கமான இரண்டும் ஒரே நேரத்தில் காலி.

குளியலறைக் கதவின் முன் நின்று, "சேச்சி, எதிர்பாராத காரணங்களால்..." என்று (வங்கி வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல) ஆரம்பித்தேன்.

"நவுரு அங்கிட்டு!" இடுப்பில் குடத்தோடு அம்மா நொண்டிக்கொண்டே வந்து என்னைத் தள்ளினாள். "கதவத் தொறங்க தாயி. நான் இவ அம்மா."

கதவு திறந்து, அம்மாவை விழுங்கி, மூடிக்கொண்டது. நானும் அத்தையும் மாடிக்கும் கீழுக்குமாக ஓடி குக்கரையும் டிபன் பாக்ஸையும் கதவிடுக்கில் நீட்டினோம். உள்ளே முதலில் மலையாளத்தில் வசவு. பிறகு, "குனிங்க தாயி, கண்ண மூடுங்க." பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம். கடைசியாக சேச்சியின் குரல், கொஞ்சம் கொஞ்சலாக:

"ஆ புறம் கூடி ஒன்னு தேய்க்கணே."

முதுகு தேய்க்கிற அளவுக்குப் போயாயிற்று!

சிவந்த கண்களோடு சேச்சி வெளியே வந்தார். தொங்கிய கம்பளிகளை அண்ணாந்து பார்த்தார். நான் மனதுக்குள் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்திருந்தேன்.

"அம்ம இவிடெ நிக்கட்டே," என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "நினக்கு வேணெங்கில் போகாம்."

அம்மா இருக்கலாமாம். நான் வேண்டுமானால் போகலாமாம்.

நானும் இருக்கிறேன். ஆனால் அன்றிலிருந்து சேச்சி சொல்லாமல் குளிக்கப் போவதில்லை. மாடிப்படியின் கீழே நின்று, அம்மாவைப் பேர் சொல்லி, "தங்கம்மே! ஞான் குளிக்கான் கேறுன்னே!" என்று கூவுவார். "போயிட்டு வாங்க தாயி!" என்று அம்மா மேலிருந்து வழியனுப்புவாள். தெரு முழுக்கக் கேட்கும். வங்கிக்கு வரும் எங்கள் தெருக்காரர்கள் முதலில் என்னிடம் விசாரிப்பது, சேச்சி குளித்து முடித்தாரா என்பதைத்தான். பாஸ்புக்கை அதற்குப் பிறகுதான் நீட்டுகிறார்கள்.