சிரட்டைக்கரியில் பேசிய றேடியோ

இருபது மாடிக் கட்டடத்தை ஒற்றை ஆளாகக் காலிசெய்த தமிழர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் கரி அண்ணை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறொன்ரோ, சென் ஜேம்ஸ் ரவுணில், நாலு பேர் ஓர் அப்பார்ட்மென்றில் இருந்தோம். நாலு பேருக்கும் உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. கரி அண்ணை ஊரில் இரசாயனம் படிப்பித்தவர் என்பதால் சவர்க்கார நுரைக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே கழுவுவார். வீட்டுக்கு வந்தால் பற்றறி செய்வார். தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, உப்புத்தண்ணீரில் வைத்து, அதில் மின்சாரத்தைச் சேமிக்கும் திட்டம்.

"உப்பில சோடியம் இருக்கு. கரியில கண்ணுக்குத் தெரியாத ஓட்டையள். சார்ஜ் ஏத்தினா சோடியம் போய் அதுக்குள்ள குந்தியிருக்கும்."

"பிறகு எழும்பி வருமோ அண்ணை?"

"வயரைக் குடுத்தா வரும். உன்னை மாதிரி அலாரம் அடிச்சும் கிடக்காது."

கலியாண வீடுகளில் சமையலறை வாசலில் பையோடு நிற்பார். பசியாக்கும் என்று ஓர் அன்ரி சோறு போட்டுக் கொடுத்தார். அண்ணை சாப்பிட்டுவிட்டுச் சிரட்டையும் கேட்டார்.

ஒரு ஜனவரியில் சிரட்டைகளைத் தகரத்தில் அடைத்து அவண் அடுப்புக்குள் வைத்தார். புகை கிளம்பியது. அலாரம் அலறியது. கட்டடமே பனிக்குள் இறங்கி நின்றது. ஒருவர் பாதி முகத்தில் சவர நுரையோடு.

"என்ன சமைத்தாய்?" என்று கத்தினார் கட்டடத்தைப் பார்க்கும் சூப்பரின்டென்டன்ற்.

"தேங்காய்."

"தேங்காய் எங்கே?"

"அது போன கிழமையே சாப்பிட்டாச்சு. இது ஓடு."

இன்னொரு தரம் புகை வந்தால் நாலு பேரும் வெளியே என்றார் அவர். நாங்கள் அண்ணையை இருத்திக் கேட்டோம். "நாங்களோ, பற்றறியோ?"

அவர் யோசித்தார். யோசித்த நேரம் எங்களுக்கே வெட்கமாக இருந்தது.

"கடை நிறையப் பற்றறி கிடக்கெல்லே, அண்ணை?"

"இஞ்ச கிடக்கு. யாழ்ப்பாணத்துக்கு விடுறாங்களில்லை, அரசாங்கத் தடை. மனிசி சைக்கிளை மிதிச்சு டைனமோவிலதான் றேடியோ கேக்கிறாள். மிதிச்சதைச் சேமிச்சா ஆறுதலா இருந்து கேப்பாள். சிரட்டையும் உப்பும் அங்க இருக்குத்தானே."

அடுத்த ஞாயிறு நாலு பேரும் பூங்காப் பனிக்குள் பார்பிக்யூ அடுப்பை மூட்டிச் சிரட்டைத் தகரத்தை வைத்தோம். அது என்ன இறைச்சி என்று கேட்டுக்கொண்டு போனார் ஒரு வெள்ளைக்காரர்.

பிறகு கரியும் உப்புத்தண்ணீரும் நிரப்பிய ஊறுகாய்ப் போத்தல்கள் வரிசையாக நின்றன. அண்ணை சார்ஜ் ஏற்றி, றேடியோவுக்கு வயரைத் தொடுத்தார். "இன்று பனி..." என்றது றேடியோ. செத்தது.

"முழுவசனம்கூட வரேல்லை, அண்ணை."

"காணும். தலைப்புச் செய்தி கேக்கலாம்!"

சில வருடங்களில் அண்ணையின் மனைவியே கனடா வந்து எங்களுக்கு அக்காவானார். மோர்னிங்சைட்டில் அவர்கள் வீட்டு விருந்தில் அண்ணை தன் ஆராய்ச்சியை முதலிலிருந்து விளக்கினார். எல்லாம் கேட்டு முடித்த அக்கா சொன்னார்:

"சண்டைச் செய்தி கேக்க எனக்கு றேடியோ வேணுமே? வெடிச்சத்தம் வீட்டுக்கே கேக்கும். கனடாவைப் பற்றி ஏதும் சொல்லுவாங்களோ எண்டுதான் மிதிச்சனான்."

எதற்கும் விளக்கம் வைத்திருக்கும் மனுசன் எழுந்து போய் அக்காவின் கோப்பையில் தேநீர் நிரப்பினார். எங்களுக்கும் வேண்டும் என்று கேட்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.